நெல்லின் விளைவும் மணியின் தரமும்

(டெல்டா கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கென எழுதப்பெற்ற சொற்பொழிவு)



வட இந்தியாவில் பார்லி என்னும் தானியம் பயிராகிறது. வாற்கோதுமை என்று தமிழில் வழங்குவது அதுவே. காவேரிப் பாசனத்தில் அதற்கு இடமில்லை யெனினும், அதைப் பயிரிடும் குடியானவருடைய அனுபவத்தில் தஞ்சைக் குடியானவர் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. இராஜஸ்தானம், ஹரியானா முதலிய இராஜ்யங்களில் விளையும் பார்லியில் ஒரு பகுதி மால்ட் தயாரிக்கும் ஆலைகளுக்குச் செல்கிறது. ஆலைக்காரர் மூட்டையின் எடையை மாத்திரம் பார்த்து விலை பேசுவதில்லை. மணி பருத்து ஒரே அளவினதாய் இருக்கிறதா, நூறு மணியில் 95 மணியாவது முளைக்குமா, புரதச்சத்து ஏறக்குறைய 9 முதல் 11 சதவீதத்திற்குள் அடங்குகிறதா என்றெல்லாம் சோதித்த பின்னரே வாய் திறப்பர். தழைச்சத்தை அளவு கடந்து இட்டவருக்கு மூட்டைகள் அதிகம் கிடைக்கலாம். ஆனால் புரதம் மிகுந்த அந்தப் பார்லி மால்ட்டுக்கு உதவாதென்று தள்ளுண்டு, மாட்டுத் தீவனத்தின் விலைக்குப் போய்விடுகிறது. வயலில் ஜெயித்தவர் வாசலில் தோற்றார் என்றே சொல்ல வேண்டும்.

நெல்லின் கதியும் இதுவே. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என இன்று நான்கு ஜில்லாக்களாகப் பிரிந்திருக்கும் பழைய தஞ்சை நாட்டில், மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது என்று விசாரிப்பது பரம்பரை வழக்கம். கண்ட நெல்லில் எத்தனை பங்கு முழு அரிசியாக ஆலையிலிருந்து வெளிவரும் என்று விசாரிப்பவர் மிகச் சிலர். ஆயினும் கொள்முதல் நிலையத்தில் விலையை நிர்ணயிப்பது இரண்டாவது கேள்வியே. சர்க்கார் கொள்முதலுக்கு விதித்திருக்கும் தரப்பிரமாணம் பலருக்கும் மனப்பாடமாக இருத்தல் நன்று. ஈரம் 17 சதவீதத்திற்கு மேற்படலாகாது. கல், மண் 1 சதவீதமும், வைக்கோல் பதர் முதலியன 1 சதவீதமும் வரை பொறுத்துக்கொள்ளப்படும். சேதமடைந்தவை, நிறம் மாறியவை, முளைத்தவை, வண்டரித்தவை ஆகிய நான்கும் சேர்ந்து 5 சதவீதம். முதிராமல் சுருங்கிய கருக்காய் 3 சதவீதம். தாழ்ந்த ரகக் கலப்பு 6 சதவீதம். பெருமழை பெய்த சில பருவங்களில் மத்திய சர்க்கார் ஈர வரம்பைத் தளர்த்தியதுமுண்டு. எனினும் தளர்த்தும் உத்தரவு வரும் வரையில் களத்தில் குவிந்திருக்கும் நெல் முளையாமல் காத்திருக்கப்போவதில்லை.

இப்பிரதேசத்தில் ஈரம் ஏன் இத்தனை பெரிய சங்கடமாயிற்று என்பதைக் காலக்கிரமத்தில் பார்த்தால் விளங்கும். 1934-ஆம் வருஷத்தில் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. அது முதல் ஜூன் 12-ஆந் தேதி அணை திறப்பது வழக்கமாக அமைந்தது. நீர் இருப்பைப் பொறுத்து முந்தியும் பிந்தியும் திறந்த வருஷங்கள் பல. 2024-இல் ஜூலை மாதக் கடைசி வரையில் காத்திருக்க நேர்ந்தது. ஜூனில் தண்ணீர் வந்து குறுவை நட்டால், செப்டம்பர் அக்டோபரில் அறுவடை. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அக்டோபரிலேயே. ஆக, கதிர் முற்றும் நாளும் வானம் இருளும் நாளும் ஒன்றாக வந்து சேருகின்றன. தண்ணீர் பதினைந்து நாள் தாமதித்தால் அறுவடையும் பதினைந்து நாள் மழைக்குள் போகிறது. சம்பாவும் தாளடியும் தை மாசிகளில் அறுவடையாவதால் அவற்றுக்கு இத்தொல்லை குறைவு. ஆனால் தை மழை என்பது ஒன்றுண்டு, அது சொல்லிக்கொண்டு வருவதில்லை.

இதற்கு முதல் மருந்து ரகத்தைத் தெரிந்தெடுப்பதில் இருக்கிறது. கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1912-இல் ஏற்பட்டது. அங்கே கோணாமணி என்னும் நெல்லிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1921-இல் குடியானவர் கைக்கு வந்தது ஜி.ஈ.பி. 24. கிச்சிலிச் சம்பா என்று ஜனங்கள் அதை அழைத்தனர். மெல்லிய மணி, நல்ல அரவை, நல்ல சாதம் என்ற மூன்று குணங்களும் ஒருங்கே அமைந்த நெல் அது. அதன் வம்சாவளி ஆச்சரியமானது. அதன் சந்ததியில் வந்த டி.கே.எம். 6-ஐத் தாய்தந்தையருள் ஒன்றாகக் கொண்டு பிலிப்பைன்ஸ் தேசத்தில் ஐ.ஆர். 20 உண்டாயிற்று. இன்று பட்டணவாசிகள் விரும்பி உண்ணும் பி.பி.டி. 5204 என்னும் ஆந்திரப் பொன்னியிலும் அதன் இரத்தம் ஓடுகிறது. தஞ்சை வயல்களை மிகவும் மாற்றிய ஆடுதுறை 27-ம் அதன் பிள்ளையே.

ஆடுதுறையில் 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையமே 1985 முதல் தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. ஜப்பானிய நெல் ஒன்றையும் ஜி.ஈ.பி. 24-ஐயும் ஒட்டி உண்டாக்கிய ஆடுதுறை 27, 1965-இல் வெளியிடப்பட்டது. 1960-இல் தஞ்சையில் தொடங்கிய பாக்கேஜ் திட்டம் அப்போது நடந்துகொண்டிருந்தபடியால் விதையும் உரமும் கடனும் ஒரே சமயத்தில் கிராமத்திற்குள் வந்தன. சில வருஷங்களுக்குள் பழைய குறுவை ரகங்கள் பெரும்பாலும் மறைந்தன. குறுவையையும் ஒட்டடையானையும் கலந்து விதைத்து, முன்னதை முந்தியும் பின்னதைப் பிந்தியும் அறுக்கும் ஊடு சாகுபடியும் அருகிப் போயிற்று. விளைவு பெருகியது உண்மை. பெருகிய விளைவெல்லாம் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு களத்துக்கு வந்ததும் உண்மை. முன்பு கொஞ்சமாக நனைந்த நெல்லை வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் பரப்பி ஆற்றிவிட முடிந்தது. அளவு பெருகிய பின் திண்ணை போதவில்லை.

அதன் பின் வந்த குறுவை ரகங்களுள் ஆடுதுறை 36, ஆடுதுறை 37, 1998-இல் வந்த ஆடுதுறை 43, அடுத்து வந்த ஆடுதுறை 45 ஆகியவை பெயர் பெற்றவை. ஆடுதுறை 37 குண்டு நெல். இட்லிக்கு மிக ஏற்றது. ஆடுதுறை 43 சன்னம். சம்பாவுக்கு சி.ஆர். 1009 இன்னும் பல கிராமங்களில் அசையாமல் இருக்கிறது. தண்ணீர் தேங்கும் பள்ளக்காலில் அதற்கு நிகர் குறைவு. ரகத்தைத் தெரிந்தெடுக்கும்போது விளைவை மாத்திரம் கேளாமல், அறுவடைக்குப் பின் விதை சில நாள் உறங்கும் குணமுடையதா என்றும் கேட்க வேண்டும். உறக்கமில்லாத நெல் மழையில் சாய்ந்தால், கதிரில் இருந்தபடியே மூன்றாம் நாள் வெள்ளை முளை காட்டும். அந்த முளைக்கு விலையில்லை.

ஒரே கிராமத்தில் ஒரே மடையின் கீழ் ஏழெட்டு ரகங்களைப் பயிரிடுவதும் தரத்திற்குக் கேடு. குண்டு நெல்லும் சன்ன நெல்லும் ஒரே அறுவடை இயந்திரத்தின் வயிற்றில் கலந்து வெளிவருகின்றன. ஆலையில் கல்லின் இடைவெளியை ஒன்றுக்கு ஏற்ப வைத்தால் மற்றது நொய்யாகிறது. ஒரு மடைக்கு ஒரு ரகம் என்று சங்க அங்கத்தினர் கூடித் தீர்மானித்தால், நாற்று விடுவது முதல் இயந்திரம் பிடிப்பது வரை செலவும் குறையும்.

விதை விஷயத்தில் செய்ய வேண்டுவது சொற்பமே. பத்து லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய ஒன்றரை கிலோ சமையல் உப்பைக் கரைத்து, அதில் புதிய கோழிமுட்டை ஒன்றை இட வேண்டும். முட்டையின் மேற்புறம் ஒரு காசளவு தெரியும்படி மிதந்தால் கரைசல் சரியான பதம். விதையை அதில் கொட்டினால் பதரும் கருக்காயும் மேலே வரும். அவற்றை அரித்தெடுத்து எறிந்துவிட்டு, அடியில் தங்கியதை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவாமல் விட்டால் உப்பு முளையைக் கெடுக்கும். கனத்த விதையின் நாற்று ஒரே சீராய் எழும். சீரான நாற்று ஒரே சமயத்தில் பூக்கும். ஒரே சமயத்தில் பூத்த வயல் ஒரே சமயத்தில் முற்றும். பாதி பழுத்தும் பாதி பச்சையாகவும் நிற்கும் வயலை எந்த நாளில் அறுத்தாலும் நஷ்டமே.

நாற்றின் வயதும் கவனிக்கத்தக்கது. குறுகிய கால ரகத்திற்கு 18 முதல் 22 நாள். மத்திய காலத்திற்கு 25 முதல் 30. நீண்ட காலத்திற்கு 35 முதல் 40. தண்ணீருக்குக் காத்து நாற்றங்காலிலேயே கிழடு தட்டிப்போன நாற்றை நட்டுவிட்டுப் பின்னர் யூரியாவால் அதை இளமையாக்க முயல்வது வீண் செலவு.

இனி உரம். பார்லிக்காரர் கற்ற பாடம் இங்கே வேறு வடிவில் வருகிறது. நெல்லில் புரதம் மிகுந்தது என்று எவரும் தள்ளுவதில்லை. ஆனால் தழைச்சத்து மிகுந்த பயிர் கரும்பச்சையாய்க் கொழுத்துச் சாய்கிறது, குலைநோய்க்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் விருந்தாகிறது, தூரடியில் புகையான் குடியேறுகிறது. பூக்கும் தறுவாயில் யூரியா அதிகமாகி மழைத் தூறலும் சேர்ந்தால் மணிக்குப் பதிலாக மஞ்சள் உருண்டைகள் தோன்றும். நெற்பழம் என்று சொல்லப்படும் இதை லட்சுமி நோய் என்று அழைத்து, அதிக விளைவுக்கு அடையாளமென மகிழ்ந்த காலம் ஒன்றுண்டு. லட்சுமி அந்த வயலுக்கு வந்தாளோ இல்லையோ, அந்த உருண்டைகள் தெறித்த மாதிரி நெல் கொள்முதல் தட்டில் நிறம் மாறிய மணியாகவே எண்ணப்படும்.

ஆகவே தழைச்சத்தை ஒரேயடியாய் இடாமல், அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், பூக்கும் பருவம் என்று பிரித்து இடுவது முறை. எப்போது இடுவது என்று சந்தேகம் தோன்றினால் இலை வண்ண அட்டையை இலையோடு ஒட்டிப் பார்க்கலாம். பொதுவாக நான்காம் எண்ணின் நிறத்திற்குக் கீழே இறங்கினால் யூரியா தேவை. வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் எண்ணே போதும். அந்த அட்டையின் விலை ஒரு மூட்டை யூரியாவில் மிச்சப்படும். சாம்பல் சத்தில் ஒரு பகுதியைக் கதிர் உருவாகும் தருணத்தில் இட்டால் தண்டு உறுதியாகி மணி கனக்கும். தக்கைப்பூண்டு, கொழிஞ்சி முதலிய தழைகளை மடக்கி உழும் பழைய வழக்கத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டுவதில்லை. தஞ்சைக் குடியானவருக்கு அது தெரிந்ததே, செய்வதுதான் குறைந்துவிட்டது. நடவில் எட்டடிக்கு ஒரு பட்டம் ஓரடி அகலத்தில் விட்டால் காற்றும் வெளிச்சமும் தூரடிக்குச் சென்று புகையானைக் குறைக்கும். பட்டத்தில் போகும் நாற்றுக்காக வருந்துபவர், புகையானில் போகும் திட்டுகளை எண்ணிப் பார்ப்பாராக.

மிக முக்கியமான காரியம் பயிர் பூத்த பின்னரே வருகிறது. பாதிக் கதிர்கள் வெளிவந்த நாளைக் குடியானவர் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். குறுகிய கால ரகங்களில் அந்நாளிலிருந்து ஏறக்குறைய முப்பதாம் நாள் அறுவடைக்குரியது. கதிரின் மணிகளில் நூற்றுக்கு எண்பது வைக்கோல் நிறம் அடைந்திருந்தால் போதும். அடிமணிகளும் முழுவதும் பழுக்கட்டும் என்று காத்தால் மேல்மணிகள் உதிர்வதோடு, பகல் வெயிலிலும் இரவுப் பனியிலும் மாறி மாறிக் காய்ந்து நனைந்து உள்ளே வெடிப்பு விழும். உமியை உரித்து அரிசியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் குறுக்கே மயிரிழை போன்ற கோடு தெரியும். அந்தக் கோடு விழுந்த அரிசி ஆலையில் இரண்டாக உடையும். முந்தி அறுத்தாலோ கருக்காயும் பச்சை மணியும் மிகும். அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பாக வயலிலுள்ள தண்ணீரை வடித்துவிட வேண்டும். வடிக்காத வயலில் சங்கிலி வைத்த இயந்திரத்தை இறக்கினால் நெல்லோடு சேறும் களத்துக்கு வருகிறது. வடிகால் வாய்க்கால் அடைந்து கிடந்தால் தண்ணீரை எங்கே வடிப்பது என்பது நியாயமான கேள்வி. ஆவணிக்குள் வடிகாலைத் தூர் வாராத கிராமம் ஐப்பசியில் அதற்குரிய வட்டியைக் கட்டுகிறது.

அறுத்தபோது நெல்லில் 20 முதல் 22 சதவீதம் ஈரம் இருக்கும். மழை நாளில் இன்னும் அதிகம். ஆளால் அறுத்துக் கட்டுக் கட்டிப் போர் போட்டுப் பின் அடித்த காலத்தில், தாளோடு இருந்தபோதே கதிர் சிறிது ஆறியது. இன்று இயந்திரம் ஒரு மணி நேரத்தில் பல மாவை அறுத்து ஈர நெல்லை மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. குவித்த ஈர நெல் உயிருள்ள பொருள். அது மூச்சு விடுகிறது, சூடேறுகிறது. மாலையில் குவித்த நெல்லுக்குள் மறுநாள் காலை கையை விட்டால் வெதுவெதுப்பு தெரியும். அச்சூட்டில் அரிசி மஞ்சளாகிறது, பூஞ்சணம் பிடிக்கிறது. மஞ்சளான அரிசியை எந்த ஆலையும் வெள்ளையாக்க முடியாது. ஆகையால் மழையாயினும் குவியலைத் தார்ப்பாயால் இறுக மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போவது தவறு. மழை விட்ட போதெல்லாம் திறந்து கிளறிக் காற்றுப் படவிட வேண்டும்.

இச்சங்கடத்தை முதலில் கையிலெடுத்தது ஒரு கூட்டுறவு ஸ்தாபனம் என்பது இங்கே குறிப்பிடத் தக்கது. தஞ்சாவூர் கூட்டுறவு விற்பனைச் சம்மேளனத்தின் திருவாரூர் நவீன அரிசி ஆலையில், ஈர நெல்லைக் காப்பாற்றும் வழியை ஆராய 1967-இல் ஒரு சிறு ஆராய்ச்சிசாலை ஏற்பட்டது. அதுவே வளர்ந்து நெல் பதன ஆராய்ச்சி மையமாகி, இன்று தஞ்சாவூரில் மத்திய சர்க்காரின் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக இருக்கிறது. வெயிலே இல்லாத நாட்களில் ஈர நெல்லோடு உப்பும் உமியும் கலந்து, முளைப்பதையும் சூடேறுவதையும் சில நாள் தடுக்கும் எளிய உபாயம் அங்கே சோதித்து அறியப்பட்டது. உப்பிட்ட நெல் விதைக்கு ஆகாது என்பதை மறக்கலாகாது.

வெயில் கிடைத்த நாளில் உலர்த்துவதிலும் நிதானம் வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று உச்சிவெயிலில் தார் ரோட்டில் மெல்லிசாகப் பரப்பி வைப்பது பல ஊர்களில் காணும் காட்சி. வண்டிச் சக்கரத்திற்கு இரையாவதும், கல்லும் தூசியும் சேருவதும், மோட்டார் சைக்கிள்காரர் வழுக்கி விழுவதும் ஒருபுறம். மேல்தோல் சட்டென்று காய்ந்து உள்ளே ஈரம் நிற்பதால் மணி வெடிப்பது மறுபுறம். காலையில் பரப்பி அடிக்கடி கிளறி, உச்சி வேளையில் கூட்டி நிழலில் மூடி ஆறவைத்து, பிற்பகல் மீண்டும் பரப்புவதே நலம். ஆறும் நேரத்தில் உள் ஈரம் வெளித்தோலுக்கு வந்துவிடும். இரவில் பனி படவிடக் கூடாது.

உலர்த்தினால் எடை குறைகிறதே என்பது குடியானவரின் உள்ளத்திலுள்ள உண்மையான கவலை. கணக்கைப் பார்க்கலாம். 22 சதவீத ஈரமுள்ள நெல் 100 கிலோ, 17 சதவீதத்திற்கு உலர்ந்தால் ஏறக்குறைய 94 கிலோவாகும். 40 கிலோ மூட்டைக்கு இரண்டு கிலோ நானூறு கிராம் போயிற்று. போனது தண்ணீர். அத்தண்ணீரை விற்க முயன்று, நிலையத்தின் வாசலில் பத்து நாள் குவியலுக்குக் காவல் படுத்து, இரண்டு மழையில் நனைந்து, கடைசியில் முளைத்த மணி ஐந்து சதவீதத்தைத் தாண்டியது என்று திருப்பப்பட்டவருக்குப் போனது நெல். அந்த நெல் மேல் சங்கத்துக் கடன் இருக்கிறது. அடுத்த தாளடிக்கு உழவுக் கூலி இருக்கிறது. வாங்க வரும் வெளியூர் வியாபாரி அதை அறிந்தே விலை சொல்லுகிறார். கடனைத் தவணையில் கட்டாதவர் எல்லாரும் ஊதாரிகள் அல்லர். ஐப்பசியில் நனைந்த ஒரு குவியல், மாசியில் தவணை தவறிய ஒரு பெயராகச் சங்கத்தின் பேரேட்டில் ஏறுவது சாதாரணமாக நிகழ்கிறது.

தனி ஒருவர் உலர்த்தும் இயந்திரம் வாங்க முடியாது. மூன்று மா பயிரிடும் குத்தகைதாரருக்குச் சிமெண்டுக் களமும் எட்டாது. ஆனால் முன்னாளில் ஐக்கிய நாணய சங்கம் என்று வழங்கிய கூட்டுறவுச் சங்கம், கடன் கொடுத்து வாங்குவதோடு நில்லாமல், மேடான இடத்தில் ஒரு பொதுக்களமும், பத்துத் தார்ப்பாய்களும், ஈரம் அளக்கும் கருவி ஒன்றும் வைத்திருக்கலாம். இவற்றுள் கடைசியாகச் சொன்னது மிக மலிவு, மிக அவசியம். வீட்டிலேயே ஈரம் தெரிந்தால் 21 சதவீத நெல்லை வாடகை வண்டியில் ஏற்றி நிலையத்திற்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும் வீண் அலைச்சல் இராது. அளப்பவரோடு சச்சரவும் இராது. பல்லால் கடித்து, நறுக்கென்று உடைந்தால் காய்ந்தது என்று சொல்லும் பெரியவர்களின் சோதனை மோசமானதல்ல. ஆனால் நிலையத்தின் கருவி பல்லை நம்புவதில்லை. பொதுக்களத்தில் முறை வைப்பது மிகவும் கடினமான காரியம். பெரிய மிராசுதாரின் குவியல் நாலு நாள் கிடந்து, சிறு குடியானவரின் குவியல் ரோட்டில் கிடக்குமானால் களம் கட்டியது வீண். சீட்டுப் போட்டு முறை வைத்து, சீட்டைச் சங்கத்துச் சுவரில் ஒட்டிவிடுவது தகும்.

வீட்டுக்கென வைத்துக்கொள்ளும் நெல்லைப் புழுக்கி அரைப்பதில் ஒரு லாபம் உண்டு. நீராவியில் அரிசியின் மாவு இளகி மீண்டும் இறுகுவதால், முன் விழுந்த வெடிப்புகள் ஒட்டிக்கொள்கின்றன, நொய் குறைகிறது, தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்குகிறது. இரண்டு மூன்று நாள் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டால் புளித்த வாடை வரும். மைசூர் மத்திய உணவு ஆராய்ச்சி நிலையத்தார் கண்டபடி, 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறினால் வாடை வருவதில்லை.

விதைக்கென ஒதுக்கும் நெல்லை விற்பனை நெல்லோடு சேர்த்துப் பின்னர் அதிலிருந்து அள்ளுவது கூடாது. வயல் நிற்கும்போதே நடுவில் நன்றாக விளைந்த ஒரு பகுதியைக் குறித்து, பூக்கும் சமயத்திலும் முற்றும் சமயத்திலும் உயரம் மாறியும் மணி மாறியும் நிற்கும் கலப்புத் தூர்களைப் பிடுங்கிவிட்டு, அதைத் தனியே ஆளால் அறுத்து அடிக்க வேண்டும். விதை நெல்லின் ஈரம் 13 சதவீதத்திற்கு மேற்படலாகாது. புதிய சாக்கில் கட்டி, தரையிலும் சுவரிலும் படாமல் மரச் சட்டத்தின் மேல் வைக்க வேண்டும். விதைப்பதற்குப் பத்து நாள் முன் நூறு மணியை எண்ணி எடுத்து, நனைத்த துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டித் தினமும் தண்ணீர் தெளித்துவர வேண்டும். சான்று பெற்ற விதைக்கு 80 முளைக்க வேண்டுமென்பது சட்டம். வீட்டு விதையில் 80-க்குக் கீழே நின்றால், அதை அரைவைக்கு அனுப்பிவிட்டு வேறு விதைக்கு அந்தப் பத்து நாளுக்குள் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.